வீட்டுச் செலவு: தலைமுறை மாற்றம்

வீட்டுச் செலவு என்பது ஒரு குடும்பம் உணவு, எரிபொருள், உடை, கல்வி, மருத்துவம், பயணம் முதலியவற்றுக்குச் செலவிடும் தொகை ஆகும். தலைமுறைக்குத் தலைமுறை விலைகளோடு செலவின் இனங்களும் மாறியுள்ளன.

தமிழ்நாட்டில் அரிசி விலை ஆட்சியையே அசைத்தது. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று வாக்களித்து வென்ற சி. என். அண்ணாதுரை அரசால் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படிதான் தர முடிந்தது. 2008 இல் நியாய விலைக் கடைகளில் அரிசி கிலோ ஒரு ரூபாய் ஆனது. 2011 ஜூன் முதல் அது விலையில்லா அரிசி.

தேசிய அளவிலும் இதே போக்குதான். 1999-2000 இல் இந்தியக் கிராமக் குடும்பங்களின் செலவில் நூற்றுக்கு ஏறத்தாழ 59 ரூபாய் உணவுக்குப் போனது. அதில் 22 ரூபாய் தானியங்களுக்கு மட்டும். 2022-23 இல் உணவின் பங்கு 46 ஆகவும் தானியங்களின் பங்கு 5 ஆகவும் குறைந்தன. பழம், கடையில் வாங்கும் தின்பண்டம், பயணம், கைப்பேசி ஆகியவற்றின் பங்கு கூடியது.

பாட்டியின் கணக்கு நோட்டில் தண்ணீர் கேன் இராது, எரிவாயு உருளையும் இராது. அதனால் தண்ணீரும் விறகும் இலவசம் என்று எண்ணக்கூடாது. குடம் சுமந்து, சுள்ளி பொறுக்கிய பெண்களின் உழைப்பை யாரும் கணக்கில் எழுதவில்லை, அவ்வளவுதான்.

“அக்காலத்தில் எல்லாம் மலிவு” என்பது பாதி உண்மை. மாணவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் அன்றைய அரிசி விலையோடு அன்றைய நாள் கூலியையும் கேட்டு, ஒரு நாள் கூலிக்கு எத்தனை கிலோ அரிசி கிடைத்தது என வகுத்துப் பார்க்கலாம்.