சிறுவர் பட்டியலில் பெரியவர்களுக்கும் இடமுண்டு

இரைப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டோர் பலர், குடும்பத்தாருடன் உணவகம் செல்லத் தயங்குவதைக் காண்கிறோம். முழு உணவையும் உண்ண இயலாது. சிறுவர் பட்டியலிலிருந்து கேட்கவோ கூச்சம். அக்கூச்சம் வேண்டா.

உடற்பருமனுக்கான ஸ்லீவ் அறுவையில் இரைப்பையின் ஏறத்தாழ 80 விழுக்காடு நீக்கப்படுகிறது. அதன்பின் அளவு மீறினால் வலியும் வாந்தியும் நேரலாம். ஆகவே சிறிய அளவைக் கேட்பது சிகிச்சையின் தொடர்ச்சியே.

எனினும் சிறுவர் பட்டியலில் ஏற்புடையது அளவு மட்டுமே. அதில் மிகுதியாக உள்ள உருளைக்கிழங்கு வறுவல், இனிப்புப் பானம், ஐஸ்கிரீம் ஆகியவற்றைத் தவிருங்கள். இனிப்பு விரைந்து குடலில் இறங்கிப் படபடப்பும் தலைசுற்றலும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கக்கூடும். முட்டை, மீன், பருப்பு, பனீர் போன்ற புரத உணவை முதலில், மெல்ல மென்று உண்ணுங்கள். உண்ணும்போது நீர் அருந்தாதீர்கள்.

'12 வயதுக்குட்பட்டோருக்கு மட்டும்' என்றிருந்தால், மேற்பார்வையாளரிடம் காரணத்தைச் சுருக்கமாகக் கூறிக் கேளுங்கள். மறுத்தால், முழு உணவை வாங்கி, உண்ணத் தொடங்குமுன்பே பாதியைப் பொட்டலம் கட்டச் சொல்லுங்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள்: 'இன்னும் ஒரு வாய்' என வற்புறுத்தாதீர்கள். போதும் என்று அவர் சொல்வதை நம்புங்கள். அவர் தட்டு காலியான பின்னும் உங்களோடு அமர்ந்து பேச விடுங்கள்.