அறுப்பதற்கு முன் ஒரு கணக்கு

1938-இல் லெனின்கிராடின் ஒட்டுப்பலகை நிறுவன ஆய்வுக்கூடத்தார் ஒரு கணக்கோடு பல்கலைக்கழகத்துக்கு வந்தார்கள். எட்டு இயந்திரம், ஐந்து வகை மரம். எதை எதில் கொடுத்து உரித்தால் உற்பத்தி கூடும்? பேராசிரியர் லியோனித் கான்டரோவிச்சுக்கு அப்போது வயது 26. அவர் கண்ட வழி மறு ஆண்டே நூலாயிற்று; வெட்டும்போது வீணாவதைக் குறைக்கும் கணக்கும் அதில் உண்டு. 1975-இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற இருவரில் அவர் ஒருவர்.

அந்த வழியின் சூட்சுமம் விலையில் இருக்கிறது. 12 அடிப் பலகை ஒன்று 1,200 ரூபாய் என்று கொள்வோம். 5 அடி, 4 அடி, 3 அடி அளவுகளில் தலா 20 துண்டு வேண்டும். ஓர் அளவை முடித்துவிட்டு அடுத்ததைத் தொட்டால் 10, 7, 5 என்று 22 பலகை ஆகும். ஐந்தடிக்காக அறுத்த பலகை ஒவ்வொன்றிலும் 2 அடி வீண்.

இந்த முறையில் ஒரு துண்டு நமக்கு எவ்வளவில் அடங்குகிறது? ஐந்தடி 600, நான்கடி 400, மூன்றடி 300. இனி மூன்றிலும் ஒவ்வொன்றை ஒரே பலகையில் எடுத்துப் பாருங்கள்: 1,200 ரூபாய்ப் பலகையில் 1,300 ரூபாய்ச் சரக்கு! அப்படியே அறுத்தால் 20 பலகை போதும்.

மூன்று அளவென்றால் கண்ணே சொல்லிவிடும். நாற்பது அளவு வந்தால், அறுக்கும் வகைகளைப் பட்டியலிடவே கணினி திணறும். ஐபிஎம்மின் பால் கில்மோரும் ரால்ஃப் கோமரியும் 1961-இல், பட்டியலே வேண்டாம் என்று காட்டினார்கள். கைக்கு வந்த சில வகைகளோடு தொடங்கு, துண்டுகளுக்கு விலை வரும், பலகை விலையை மிஞ்சும் புது வகை ஒன்றைத் தேடிச் சேர், விலைகள் மாறும், மறுபடி தேடு. மிஞ்சும் வகை கிடைக்காதபோது நிறுத்து. பின்னமாக வந்த பலகை எண்ணிக்கையை முழு எண்ணாக்குவதுதான் மிச்ச வேலை.

பட்டறையில் ரம்பத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஓர் அறுப்புக்கு 3 மில்லிமீட்டர் தூளானால், மூன்றாக அறுத்த 12 அடிப் பலகையில் கடைசித் துண்டு 6 மில்லிமீட்டர் குறையும். கணுவும் வெடிப்பும் வேறு. பெரிய ஆலைகளில் ஒவ்வொரு பலகையையும் கருவி படமெடுத்து, கணுவை விலக்கி அறுக்கும் இடத்தைக் குறிக்கிறது.

சிறு பட்டறைக்கு அவ்வளவு தேவையில்லை. இலவச மென்பொருள்களே இருக்கின்றன. கையிலுள்ள எல்லா ஆர்டர்களின் அளவுகளையும் ஒரே பட்டியலாக்கி, ரம்பத் தடிமனையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகு முதல் பலகையை எடுங்கள்.