உங்க கடைக்கு பேங்க் போடும் விலை... யார் சொல்றாங்க, எப்படிச் சொல்றாங்க?

உங்க அப்பா இருபது வருஷமா நடத்துற கடை. மெயின் ரோடு, சொந்தக் கட்டடம். அதை அடமானம் வெச்சு பிசினஸைப் பெருசாக்கலாம்னு பேங்க்குக்குப் போறீங்க. "வேல்யூவர் வந்து பார்ப்பார்"னு சொல்றாங்க. ரெண்டு நாள் கழிச்சு ஒருத்தர் பைக்ல வந்து இறங்குறார். கையில ஒரு சின்ன லேசர் கருவி, இன்னொரு கையில போன். சுவருக்குச் சுவர் சிவப்புப் புள்ளி வெச்சு அளக்குறார். நாலு போட்டோ எடுக்குறார். பக்கத்துக் கடைக்காரர்கிட்ட ஏதோ விசாரிக்கிறார். அரை மணி நேரத்துல கிளம்பிடுறார்.

ஒரு வாரம் கழிச்சு பேங்க்கிலிருந்து போன். நீங்க ஒரு கோடின்னு நினைச்சிருந்த கடைக்கு ஐம்பத்தைந்து லட்சம்னு ரிப்போர்ட் வந்திருக்கு.

"அரை மணி நேரம் பார்த்துட்டு இதை எப்படிச் சொன்னாரு?" என்று கோபம் வருமில்லையா? அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை. அந்த நம்பர் எங்கிருந்து வருதுன்னு தெரிஞ்சாதான், அது சரியா தப்பான்னு உங்களால பேச முடியும்.

யார் வேண்டுமானாலும் விலை சொல்லலாமா?

டீக்கடையில் சொல்லலாம். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட முடியாது.

இந்தியாவில் கம்பெனிகள் சட்டம் 2013-ன் 247-வது பிரிவு, பதிவுபெற்ற மதிப்பீட்டாளர்களைப் பற்றிப் பேசுகிறது. 2017-ல் இதற்கான விதிகள் வந்தன. பதிவு கொடுக்கும் அமைப்பு, சுருக்கமாக ஐ.பி.பி.ஐ எனப்படும் இந்திய திவால் வாரியம். மதிப்பீட்டாளர்களையும் இதன் கண்காணிப்பில் வைத்திருக்கிறார்கள்.

பதிவு மூன்று வகை: நிலம் மற்றும் கட்டடம், இயந்திரங்கள், பங்குகள் உள்ளிட்ட நிதிச் சொத்துகள். இயந்திரத்துக்குப் பதிவு வாங்கியவர் உங்க கட்டடத்துக்கு அந்தப் பதிவை வைத்து ரிப்போர்ட் தர முடியாது. கண் டாக்டர் பல் பிடுங்கக் கூடாது இல்லையா, அதே மாதிரிதான்!

நிலம், கட்டடம் பிரிவுக்கு சிவில் இன்ஜினீயரிங், ஆர்க்கிடெக்சர் அல்லது நகர்ப்புறத் திட்டமிடலில் டிகிரியும், ஐந்து வருட அனுபவமும் வேண்டும். முதுகலை முடித்தவர்களுக்கு மூன்று வருட அனுபவம் போதும். அப்புறம் 50 மணி நேர வகுப்பு. அதன் பிறகு கம்ப்யூட்டரில் 100 மதிப்பெண்ணுக்குத் தேர்வு. 60 எடுத்தால் பாஸ். தப்பான விடைக்கு நெகட்டிவ் மார்க்கும் உண்டு.

இதைத் தவிர ஒரு பழைய வழியும் இருக்கிறது. செல்வ வரிச் சட்டத்தின் 34ஏபி பிரிவில் பதிவு செய்தவர்கள். செல்வ வரியே 2015 பட்ஜெட்டோடு போய்விட்டது. ஆனால், அந்தப் பதிவு இன்னும் மதிப்போடு இருக்கிறது. பரம்பரைச் சொத்தை விற்கும்போது, 2001 ஏப்ரல் 1-ல் அதன் மதிப்பு என்ன என்று வருமான வரிக் கணக்குக்கு ரிப்போர்ட் வாங்குவார்களே... அதற்கு இவர்களிடம்தான் போவார்கள்.

வங்கிகள் தங்களுக்கென்று தனியாக ஒரு பேனல் வைத்திருக்கின்றன. சொத்தின் மதிப்பு 50 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேல் என்றால், குறைந்தது இரண்டு பேரிடம் தனித்தனியாக ரிப்போர்ட் வாங்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல். உங்க கடைக்கு ஒருவர்தான் வருவார். அவர் சொல்வதுதான் விலை என்பதால், அவர் ரிப்போர்ட்டை நீங்கள் படிக்கத் தெரிந்து வைத்திருப்பது முக்கியம்.

எம்.ஆர்.ஐ.சி.எஸ், எம்.ஏ.ஐ... இதெல்லாம் என்ன?

பெரிய ஐ.டி பார்க், மால் ரிப்போர்ட்டுகளில் பெயருக்குப் பின்னால் இந்த எழுத்துகளைப் பார்க்கலாம். எம்.ஆர்.ஐ.சி.எஸ் என்பது, லண்டனில் 1868-ல் தொடங்கிய ராயல் இன்ஸ்டிட்யூஷன் ஆஃப் சார்ட்டர்டு சர்வேயர்ஸ் அமைப்பின் உறுப்பினர் தகுதி. எம்.ஏ.ஐ என்பது அமெரிக்காவின் அப்ரைசல் இன்ஸ்டிட்யூட் கொடுப்பது. கமர்ஷியல் சொத்துகளை மதிப்பிடுபவர்களுக்கு அங்கே அது பெரிய மரியாதை. வெளிநாட்டு முதலீட்டாளர்கள் நம்மூர் கட்டடத்தில் பணம் போடும்போது இந்த மாதிரி தகுதியைக் கேட்பதுண்டு. ஆனால், இந்தியச் சட்டம் பதிவு கேட்கும் இடத்தில் இந்த எழுத்துகள் மட்டும் போதாது, இந்தியப் பதிவு எண் வேண்டும்.

'நமக்கெதுக்கு மால் கதை?' என்று நினைக்காதீர்கள். உங்க போனில் ரெய்ட் யூனிட் வைத்திருக்கிறீர்களா? 2021-ல் ஒரே ஒரு யூனிட்கூட வாங்கலாம் என்று செபி மாற்றிய பிறகு, சில நூறு ரூபாய் இருந்தால் நீங்களும் ஒரு ஆபீஸ் கட்டடத்தில் பங்குதாரர். அந்தக் கட்டடங்களுக்கு ஒவ்வொரு நிதியாண்டும் முழு மதிப்பீடு நடக்க வேண்டும். ஒரே மதிப்பீட்டாளர் ஒரே சொத்தைத் தொடர்ந்து நான்கு வருடங்களுக்கு மேல் மதிப்பிடக் கூடாது என்பதும் விதி. பழகிப்போனால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுவார்களே... அதற்குத்தான்!

பைக்குள்ள என்ன வெச்சிருக்கார்?

முதலில் அரசு இணையதளங்கள். பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் வில்லங்கமும் வழிகாட்டி மதிப்பும் பார்ப்பார். வருவாய்த்துறையின் இ-சேவைத் தளத்தில் பட்டா, புலப்படம். சொத்து ஏற்கெனவே வேறு வங்கியில் அடமானத்தில் இருக்கிறதா என்று செர்சாய் பதிவேட்டில் பார்க்கலாம்.

அடுத்து போன். இடமும் நேரமும் பதியும் ஜி.பி.எஸ் கேமரா ஆப்பில் எடுத்த போட்டோதான் அவர் நேரில் வந்ததற்குச் சாட்சி. கூகுள் எர்த்தில் பழைய வருடங்களின் சாட்டிலைட் படங்களும் கிடைக்கும். 'பின்பக்க ஷெட் ஆரம்பத்திலிருந்தே இருக்கு சார்' என்று நீங்கள் சொன்னால், அது எந்த வருடம் முளைத்தது என்று அதில் தெரிந்துவிடும்! படம் வரைய ஆட்டோகேட். கணக்குப் போட, நம்ம எல்லோருக்கும் தெரிந்த எக்ஸெல்.

மால், ஐ.டி பார்க் என்றால் ஆர்கஸ் என்டர்பிரைஸ் என்ற சாஃப்ட்வேர். கனடாவின் ஆல்டஸ் குரூப்புடையது. நூறு வாடகைதாரர்கள் இருக்கும் கட்டடத்தில் யாருடைய குத்தகை எப்போது முடியும், வாடகை எப்போது ஏறும், காலியானால் எத்தனை மாதம் சும்மா கிடக்கும் என்று ஒவ்வொன்றாகக் கொடுத்தால், வருங்கால வருமானம் முழுவதையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து காட்டும்.

ஆனா விலை சாஃப்ட்வேர்ல இல்லை

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். உங்க கடைக்கு மாத வாடகை 45,000 ரூபாய் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 5,40,000. ஒரு மாதம் காலியாக இருக்கும் என்று 45,000 கழிப்பார். சொத்து வரி, பராமரிப்புக்கு 55,000. கையில் நிற்பது 4,40,000.

இந்த இடத்தில் முதலீட்டுக்கு வருடம் எத்தனை சதவிகிதம் வருமானம் எதிர்பார்ப்பார்கள் என்பதுதான் அடுத்த கேள்வி. 5.5 சதவிகிதம் என்றால் கடையின் மதிப்பு 80 லட்சம். 8 சதவிகிதம் என்றால் 55 லட்சம். கடை அதேதான், வாடகையும் அதேதான்... ஒரே ஒரு சதவிகிதத்தை மாற்றியதில் 25 லட்சம் காணோம்! மதிப்பில் 60 சதவிகிதம் கடன் என்றால், 48 லட்சம் கிடைக்க வேண்டிய இடத்தில் 33 லட்சம்தான்.

எக்ஸெலோ ஆர்கஸோ, வகுத்துக் கொடுக்கும். எந்த சதவிகிதத்தைப் போடுவது என்று சொல்லாது. அதற்குத்தான் அந்த ஐந்து வருட அனுபவமும் தேர்வும். அந்தத் தெருவில் கடை காலியானால் எவ்வளவு நாளில் ஆள் வரும், எதிரில் மேம்பாலம் வரப்போகிறதா, பார்க்கிங் இருக்கிறதா என்று பார்த்துத்தான் அதை முடிவு செய்ய வேண்டும்.

'கம்ப்யூட்டர்லதான் வழிகாட்டி மதிப்பு இருக்கே, அதைப் போட்டா போதாதா?' என்று கேட்கலாம். 2017 ஜூனில் தமிழ்நாட்டில் வழிகாட்டி மதிப்பை அரசு 33 சதவிகிதம் குறைத்தது. அடுத்த நாள் காலையில் யாராவது தங்கள் கடையை மூன்றில் ஒரு பங்கு குறைத்து விற்றார்களா? அது முத்திரைத்தாள் கட்டணத்துக்கான விலை. சந்தை விலை வேறு.

சரி, ரியல் எஸ்டேட் ஆப்? அதில் இருப்பது விற்பவர் கேட்கிற விலை. பத்திரத்தில் இருப்பதோ பல நேரம் கைமாறிய பணத்தைவிடக் குறைவு. அமெரிக்காவில் கோஸ்டார் போன்ற நிறுவனங்கள் கமர்ஷியல் சொத்துகளின் வாடகை, விற்பனைத் தகவல்களைத் திரட்டிச் சந்தாவுக்குத் தருகின்றன. நம்மூரில் உண்மை விலை பாதி, வாய் வழியாகத்தான் உலவுகிறது. அன்று அவர் பக்கத்துக் கடைக்காரரிடம் பேசிக்கொண்டு நின்றாரே... ரிப்போர்ட்டின் முக்கியமான வேலை அங்கேதான் நடந்தது.

நீங்க என்ன செய்யணும்?

*வருவதற்கு முன்பு:* பத்திரம், பட்டா, கட்டட அனுமதி வரைபடம், சொத்து வரி ரசீது, வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். வாடகையை ரொக்கமாக வாங்கிக்கொண்டு ஒப்பந்தமே இல்லாமல் இருந்தால், அந்த வருமானத்தை அவர் கணக்கில் எடுப்பது கஷ்டம். அனுமதி வாங்காத மாடியும் அப்படித்தான்.

*வந்ததும்:* பதிவு எண், எந்தப் பிரிவு என்று மரியாதையாகக் கேளுங்கள். ஐ.பி.பி.ஐ இணையதளத்தில் பெயர் போட்டுப் பார்க்கலாம். கேட்பதில் தப்பே இல்லை.

*ரிப்போர்ட் வந்ததும்:* பேங்க்கிடம் பிரதி கேளுங்கள். நான்கு விஷயங்களைப் பாருங்கள். பரப்பளவு சரியா? ஒப்பிட்ட கடைகள் உங்க ரோட்டிலா, பின் சந்திலா? எடுத்துக்கொண்ட வாடகை எவ்வளவு? சதவிகிதம் எவ்வளவு, அதற்குக் காரணம் எழுதியிருக்கிறாரா? தப்பு இருந்தால் ஆதாரத்தோடு பேங்க்குக்கு எழுதுங்கள். 'விலை கம்மியா இருக்கு' என்பதைவிட, 'ஒப்பிட்ட கடை மெயின் ரோட்டில் இல்லை' என்ற ஒரு வரிக்கு பதில் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். 'கொஞ்சம் ஏத்திப் போடுங்க சார், பார்த்துக்கலாம்' என்று ஆரம்பிக்காதீர்கள். கடன் தொகையைப் பொறுத்துக் கமிஷன் கேட்கும் ஆள் வந்தாலும் விலகிவிடுங்கள். வேலை முடிந்தால் இவ்வளவு என்கிற வெற்றிக் கட்டணத்தை மதிப்பீட்டாளர் வாங்கக் கூடாது என்பது அவர்களின் நடத்தை விதியிலேயே இருக்கிறது.

ஏனென்றால், ஏற்றிப் போட்ட விலைக்கு வட்டி கட்டப்போவது அவரில்லை. 55 லட்சம் பெறும் கடையை 80 லட்சம் என்று காட்டி 48 லட்சம் வாங்கிவிட்டு, பிசினஸ் சரியாகப் போகாமல் கடையை விற்க வேண்டி வந்தால்... வருகிற பணத்தில் கடனை அடைத்தது போக மிஞ்சுவது ஏழு லட்சம். இருபது வருஷக் கடைக்கு அது போதுமா என்று அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள்.