புதிய ரிலேயும் பழைய மோட்டார் வண்டியும்

கேரளத்தின் எல்லைச் சாலைகள் பழைய மோட்டார் வண்டிகளைப் பலவாறு சோதிப்பவை. வாளையாறு வழியாகப் பாலக்காட்டுக்குச் செல்லும் சாலையில் கோடை வெப்பமும் கணவாய்க் காற்றும் உண்டு. போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்துக்கு ஏறும் சாலையிலோ மூடுபனியும் கொண்டையூசி வளைவுகளும் உள்ளன. ஏலத்தோட்டத் தொழிலாளரை ஏற்றிவரும் ஜீப்பின் முகப்பு விளக்குகள் அத்தகைய வளைவில் அணையுமாயின் நேரக்கூடிய அபாயம் சொல்லாமலே விளங்கும். இக்கோளாறு சில வேளைகளில் 'ரிலே' என்னும் சிறு பெட்டியிலிருந்து தோன்றுகிறது.

ரிலேயின் தத்துவம் எளியது. அமெரிக்க விஞ்ஞானி ஜோசப் ஹென்றி 1835ஆம் ஆண்டில் இதனை அமைத்தார் என்பர். கம்பிச் சுருளில் பாயும் சிறு மின்னோட்டம் இரும்பைக் காந்தமாக்குகிறது; காந்தம் ஒரு தகட்டை இழுத்துப் பெரிய மின்னோட்டத்துக்கு வழி திறக்கிறது. 12 வோல்ட் வண்டியில் 55 வாட் விளக்குகள் இரண்டுக்கு ஏறத்தாழ 9 ஆம்பியர் தேவை. சுருளுக்கோ 0.2 ஆம்பியருக்குக் குறைவாகவே போதும். இதனால் ஓட்டுநரின் சுவிட்சு சூடேறாமல் காக்கப்படுகிறது.

ரிலேயை மாற்றிய பின்னரும் குறை நீங்காவிடில், புதியது பழுதற்றது என்று கொள்ளலாகாது. குழியில் பொருந்துவன யாவும் ஒரே வகையின அல்ல. 85, 86 என்பன சுருளின் முனைகள். 30 மின்சாரம் வரும் முனை. 87 அது வெளியேறும் முனை. சில வகைகளில் 30, 86 ஆகியவற்றின் இடங்கள் மாறியிருக்கும். 87ஏ என்ற முனையோ ரிலே ஓய்ந்திருக்கும்போதே மின்சாரம் தரும். 87 இருக்க வேண்டிய இடத்தில் அஃது அமைந்தால், நின்ற வண்டியிலும் பாட்டரி தீர்ந்துவிடக்கூடும். சுருளுக்குக் குறுக்கே டயோடு உள்ள ரிலேயில் 85, 86 முனைகளை மாற்றி இணைத்தால், டயோடோ ஃபியூஸோ எரிந்துபோகும்.

எனவே, முதலில் பழைய ரிலேயின் மேலுள்ள வரைபடத்தைப் புதியதனுடன் ஒப்பிடுக. அடுத்து, சுவிட்சைப் போட்டதும் 'டிக்' ஒலி கேட்கிறதா என்று கவனிக்க. ஒலி இல்லையெனில் சுருளுக்கு மின்சாரம் வருகிறதா என்று அளக்க வேண்டும். ஒலி கேட்டும் விளக்கு மங்கினால், விளக்கு எரியும்போதே 30, 87 முனைகளுக்கிடையே வோல்ட்மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். அளவு அரை வோல்ட்டை எட்டினால் தொடுமுனைகள் செவ்வையாகப் பொருந்தவில்லை எனலாம். குழியின் தளர்ச்சியையும் பச்சைக் களிம்பையும் இறுதியாக ஆராய்க.

இச்சோதனைகளுக்குச் சில நிமிடங்களே ஆகும். மலையடிவாரத்தில் அவற்றைச் செய்து முடிப்பது, பனி மூடிய வளைவில் இருளில் நிற்பதினும் நன்று.