ஒரு லிட்டரின் பயணம்

1983ஆம் ஆண்டு டிசம்பரில் மாருதி 800 மகிழுந்து இந்தியச் சாலைகளுக்கு வந்தது. மூன்று உருளைகளும் 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் கொண்ட அதன் சிறிய எஞ்சின், நடுத்தரக் குடும்பங்களுக்கும் மகிழுந்தை எட்டச் செய்தது. இன்றும் அலுவலகம் சென்று திரும்புவோர் பலர் சிறிய மகிழுந்துகளையே நம்பியுள்ளனர். இந்தியா தன் கச்சா எண்ணெய்த் தேவையில் ஐந்தில் நான்கு பங்கிற்கும் மேல் அயல்நாடுகளிலிருந்து பெறுகிறது. ஆகவே, ஒரு லிட்டர் பெட்ரோல் தரும் தொலைவு வீட்டுக்கணக்கு மட்டுமன்று, நாட்டுக்கணக்கும் ஆகும்.

ஆற்றல் செல்லும் வழி

ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் ஆற்றல் அடங்கியுள்ளது. நகர நெரிசலில் அதில் கால் பங்குகூடச் சக்கரங்களைச் சென்றடைவதில்லை. பெரும்பகுதி வெப்பமாகப் புகைபோக்கி வழியாகவும் குளிர்விப்பான் வழியாகவும் வெளியேறுகிறது. சக்கரங்களை அடையும் சிறுபகுதியும் வண்டியை முடுக்கவும், சக்கரங்களின் உருளும் உராய்வை வெல்லவும், காற்றின் தடையை வெல்லவும் செலவாகிறது. சேமிப்புக்குரிய வழிகள் இம்மூன்றிலும் உள்ளன.

முடுக்கமும் தடையும்

வண்டி பெற்ற இயக்க ஆற்றல், தடையை அழுத்தும்போது வெப்பமாக மாறி வீணாகிறது. தொலைவில் சிவப்பு விளக்கைக் கண்டதும் முடுக்கியிலிருந்து காலை எடுப்பவர், அவ்வாற்றலைப் பயணத்திற்கே பயன்படுத்துகிறார். பற்சக்கர இணைப்பு நீங்காத நிலையில், இன்றைய எஞ்சின்கள் அவ்வேளையில் எரிபொருள் தெளிப்பையே நிறுத்திவிடுகின்றன. ஆயினும், இறக்கத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு உருள்வது சேமிப்பன்று. தடைக்குரிய துணைவிசை குறைவதால் அஃது உயிருக்கே ஊறு விளைவிக்கும்.

காற்றும் சக்கரமும்

காற்றின் தடைவிசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. மணிக்கு 40 கிலோமீட்டரில் செல்லும் வண்டி 80 கிலோமீட்டரை எட்டும்போது, அத்தடைவிசை நான்கு மடங்காகிறது. சக்கரத்தில் காற்றழுத்தம் குறைந்தாலோ, அது மிகுதியாக நெளிந்து வெப்பமடைகிறது. அவ்வெப்பமும் எரிபொருளின் இழப்பே. எனவே, தயாரிப்பாளர் குறித்துள்ள அழுத்தத்தை, சக்கரம் குளிர்ந்திருக்கும்போது சரிபார்த்தல் வேண்டும். அதனை மிஞ்சிய அழுத்தம் சாலைப் பிடிப்பைக் குறைக்கும்.

கணக்கு உணர்த்தும் உண்மை

நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர் வீதம் 300 நாள்கள் ஓடும் வண்டி, ஆண்டிற்கு 9000 கிலோமீட்டர் செல்கிறது. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் எனில் 600 லிட்டர் தேவை. 18 கிலோமீட்டர் எனில் 500 லிட்டர் போதும். மிஞ்சுவது 100 லிட்டர்.

ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோவிற்கு அருகில்தான். ஆயினும், அதிலுள்ள கார்பன் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து எரிவதால், ஏறத்தாழ 2.3 கிலோ கார்பன் டைஆக்சைடு உண்டாகிறது. ஆகவே, அந்த 100 லிட்டர் சேமிப்பு, 230 கிலோ வாயு வளிமண்டலத்தில் கலவாமல் காக்கிறது. புதிய கருவி எதனையும் வாங்காமல், ஓட்டுநரின் பொறுமையும் வாரந்தோறும் சக்கரங்களைப் பார்க்கும் பழக்கமும் இப்பயனை நோக்கி நெடுந்தொலைவு அழைத்துச் செல்லும்.