குழந்தைகளுடன் இரு நாள் நகர உலா
கடன்படாமல் சென்று வருவதற்கு ஒரு திட்டம்

சிக்கனம் என்பதற்குச் செலவு செய்யாமை என்று பொருள் கொள்வோர் நம் சங்கங்களில் பலர் உளர். அது பிழை. செலவின் நோக்கத்தை முன்னரே தீர்மானித்து, அதற்குரிய பணத்தை முன்னரே சேர்த்து, அளவு மீறாமல் செலவிடுவதே சிக்கனம். கூட்டுறவு இயக்கம் நமக்குக் கற்பிப்பதும் இதுவே. இந்த நெறியை விதைக்கும் நூலுக்கும் பொருத்திப் பார்க்கும் நாம், குழந்தைகளின் மகிழ்ச்சிக்கும் அறிவுக்கும் ஆகும் செலவில் மட்டும் பொருத்திப் பார்ப்பதில்லை. ஒன்று, அச்செலவை அறவே தவிர்க்கிறோம். அன்றேல், ஒரு நாள் திடீரெனக் கைமாற்று வாங்கிக்கொண்டு புறப்பட்டு விடுகிறோம்.

இரண்டாவது வழியின் விளைவைத் தணிக்கைப் பணியில் நேரில் கண்டிருக்கிறேன். நெசவாளர் ஒருவர் குடும்பத்துடன் சென்னை சென்று வர, தனியார் நூல் வியாபாரியிடம் முன்பணம் பெற்றார். திரும்பியதும், அம்முன்பணத்திற்கு ஈடாகத் துணியை அவ்வியாபாரிக்கே, அவர் குறித்த விலைக்கே, நெய்து தர வேண்டியதாயிற்று. சங்கத்தின் பாவு அவர் தறியில் ஏறாமல் ஆறு மாதங்கள் கழிந்தன. இரண்டு நாள் மகிழ்ச்சிக்கு அரையாண்டுக் கூலியின் ஒரு பகுதி விலையாயிற்று. முதல் வழியின் விளைவு கணக்கேட்டில் தெரிவதில்லை. பாகாயத்திலிருந்து கடல் மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கவும், பத்து வயதாகியும் அலையைக் காணாத குழந்தைகள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். இவ்விரண்டிற்கும் நடுவில் மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதனை இங்கு விளக்குகிறேன்.

காலம்

வடகிழக்குப் பருவமழை சராசரியாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்குகிறது. ஐப்பசி அடைமழையில் தெருவில் பாவு விரிக்க இயலாது. குழித்தறிக்குள் நீர் ஊறும். அந்நாளில் வேலை ஓய்வு இருப்பினும், சிறு குழந்தைகளுடன் வெளியூர் செல்வதற்கு அது ஏற்ற காலம் அன்று. பள்ளிகளில் காலாண்டுத் தேர்வு விடுமுறை வரும் புரட்டாசியே நன்று.

ஆயினும் புரட்டாசி, தீபாவளிக்கு முந்திய நெசவு மும்முரம் மிக்க மாதமும் ஆகும். இரண்டு நாள் தறி நின்றால் இரண்டு நாள் கூலி போயிற்று. உலாச் செலவில் இந்த இழப்பையும் சேர்த்தே எண்ண வேண்டும். இதனைப் பலரும் மறந்து விடுகிறார்கள். ஒரு பாவு முடிந்து துணி அறுத்து, மறு பாவு பிணைப்பதற்கு இடையில் இயல்பாகவே ஓய்வு கிடைக்கும். அந்த இடைவெளி சனி, ஞாயிறுகளில் அமையுமாறு பாவு வாங்கும் நாளைத் திட்டமிட்டால் இழப்புக் குறையும். பயிரிடுவோர்க்கு நடவு முடிந்து முதற்களை எடுக்கும் முன் வரும் நாட்கள் வசதியானவை.

பணம்

நகரப் பயணத்தில் சிறு குடும்பத்தின் பணத்தைப் பெரிதும் விழுங்குவது தங்கும் விடுதி வாடகையே. ஆதலின் இரவு வீடு திரும்புமாறு திட்டமிடுவோம். முதல் நாள் சென்னை. இரண்டாம் நாள் நம் வேலூர். முதல் நாளின் களைப்பு இரண்டாம் நாளைக் கெடுக்காது. வீடு அருகில் இருப்பதால், குழந்தை சிணுங்கினால் உடனே திரும்பி விடலாம்.

சலுகைகளை அறிந்திருத்தல் அவசியம். சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்யும் திட்டம் 2021 மே மாதத்தில் தொடங்கியது. அரசுப் பேருந்துகளில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை என்பது 2022-இல் வந்த ஏற்பாடு. ரயிலிலும் ஐந்து வயதுக்கு உட்பட்டோர்க்குச் சீட்டு வேண்டியதில்லை. முன்பதிவில்லாப் பெட்டியில் ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குள் அரைக் கட்டணம். முன்பதிவு செய்து தனிப் படுக்கை பெற்றால் அவ்வயதினர்க்கும் முழுக் கட்டணம் என்பது 2016 முதல் உள்ள விதி.

பெற்றோர் இருவர், ஏழு வயதுக் குழந்தை ஒன்று, மூன்று வயதுக் குழந்தை ஒன்று எனக் கொண்டு, ஒரு மதிப்பீடு கீழே தரப்படுகிறது. புறப்படும் முன் அந்நாளைய கட்டணங்களை விசாரித்துத் திருத்திக்கொள்க.

ரயில் கட்டணம், போக வர: 400 ரூபாய்
இரு ஊர்களிலும் பேருந்து முதலியன: 200 ரூபாய்
நுழைவுக் கட்டணங்கள்: 100 ரூபாய்
வீட்டில் சமைத்துக் கொண்டு செல்லும் உணவு: 200 ரூபாய்
மாலைச் சிற்றுண்டி: 300 ரூபாய்
குழந்தைகள் கைப்பணம்: 100 ரூபாய்
இரண்டாம் நாள் செலவு: 200 ரூபாய்
எதிர்பாராச் செலவு: 300 ரூபாய்
ஆக மொத்தம்: 1,800 ரூபாய்

இந்த ஐப்பசியில் தொடங்கி மாதம் 150 ரூபாய் வீதம் சேமித்தால், அடுத்த புரட்டாசியில் இத்தொகை கையில் இருக்கும். வட்டியும் இல்லை, எவர்க்கும் கட்டுப்பட வேண்டியதும் இல்லை. எதிர்பாராச் செலவுக்கென ஒதுக்கியதைத் தொடாமல் திரும்பினால், அதுவே அடுத்த ஆண்டு உலாவின் முதல் தவணையாகும்.

குழந்தைகளின் கைப்பணத்தை வீண் என்று நீக்கி விடாதீர். ஏழு வயதுக் குழந்தையிடம் 50 ரூபாயைக் கொடுத்து, “இதற்குமேல் இல்லை; எதற்கென்று நீயே முடிவு செய்” என்று சொல்லுங்கள். வரவு செலவுக் கல்வியின் முதற்பாடம் அங்கே தொடங்கும்.

முதல் நாள்: சென்னை

அதிகாலையில் நகரப் பேருந்தில் காட்பாடி சேர்ந்தால், காலை வண்டிகளில் ஒன்றில் இடம் பிடிக்கலாம். சென்னை வரை ஏறத்தாழ 130 கிலோமீட்டர். இந்த இருப்புப் பாதையே ஒரு பாடப் புத்தகம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து இன்றைய வாலாஜா ரோடு நிலையம் வரை ஓடியது. அந்நிலையம் வரும்போது குழந்தைகளுக்குக் காட்டுங்கள். அரக்கோணம் தாண்டியதும் திருவாலங்காடு வரும். அப்பெயரை நினைவில் வைக்கச் சொல்லுங்கள். பெரம்பூரை நெருங்கும்போது, ரயில் பெட்டிகளைச் செய்யும் தொழிற்சாலை 1955 முதல் அங்கே இயங்கி வருவதைக் கூறலாம்.

சென்ட்ரலில் இறங்கி எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திற்குச் செல்க. 1851-இல் நிறுவப்பட்ட இந்நிலையம் வெள்ளிக்கிழமைகளிலும் தேசிய விடுமுறை நாட்களிலும் மூடப்பட்டிருக்கும். ஆகவே காந்தி ஜயந்தியன்று சென்று ஏமாற வேண்டாம். முழுவதையும் பார்க்க முயல்வது குழந்தைகளைத் துன்புறுத்துவதாகும். திமிங்கலத்தின் எலும்புக்கூடு, சிறுவர் பகுதி, செப்புத் திருமேனிக் கூடம் ஆகிய மூன்று போதும். திருமேனிக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராசர் இருக்கிறார். காலையில் ரயிலிலிருந்து கண்ட ஊரின் பெயரை அங்கே மீண்டும் கேட்கும் குழந்தை அதனை மறவாது.

அதே பாந்தியன் சாலையில் கோ-ஆப்டெக்ஸ் நிறுவனம் உள்ளது. 1935-இல் தோன்றிய இது, நம் கைத்தறிச் சங்கங்களின் துணிக்குச் சந்தை தேடித் தரும் தலைமைச் சங்கம். தீபாவளியை ஒட்டித் தள்ளுபடி விற்பனையும் நடக்கும். வாங்குவதற்காக அன்றி, காட்டுவதற்காக உள்ளே செல்லுங்கள். தன் தாயும் தந்தையும் குழிக்குள் கால் வைத்து நெய்யும் துணி போன்ற ஒன்று, மடிப்புக் கலையாமல் விலைச் சீட்டுடன் அடுக்கில் இருப்பதை நெசவாளர் வீட்டுக் குழந்தை ஒரு முறையேனும் காண வேண்டும். வீட்டுத் தொழிலைப் பற்றி வகுப்பில் கூறக் கூச்சப்படும் பிள்ளைகளை நான் அறிவேன். அக்கூச்சம் நீங்குவதற்குப் பத்து அறிவுரைகளைவிட இந்தக் காட்சி உதவும்.

பகல் உணவு கட்டுச்சோறாக இருக்கட்டும். நல்லெண்ணெயும் மிளகாய்ப் பொடியும் தடவிய இட்லி காலைக்கு, புளியோதரை நண்பகலுக்கு. ஆனால், இதற்காக வீட்டுத் தலைவி மட்டும் நள்ளிரவில் எழுந்து அடுப்படியில் நிற்பது முறையன்று. புளிக்காய்ச்சலை முதல் நாளே செய்து வைக்கலாம். மற்ற வேலைகளை ஆடவரும் பகிர்ந்து கொள்ள வேண்டும். உலாவின் ஓய்வில் அவருக்கும் சம பங்கு உண்டு.

வெயில் தாழ்ந்தபின் கடற்கரை. சென்ட்ரலை அடுத்த பூங்கா நகர் நிலையத்தில் பறக்கும் ரயில் ஏறித் திருவல்லிக்கேணியில் இறங்கினால், கடலுக்கு நடந்தே செல்லலாம். வழியில் ஒன்றைச் சொல்லுங்கள்: இந்தத் திருவல்லிக்கேணியில்தான் 1904-இல் நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. நுகர்வோர் தமக்குத் தாமே பண்டசாலை நடத்தலாம் என்று நாட்டுக்கு வழிகாட்டிய முன்னோடிச் சங்கங்களுள் அது ஒன்று. கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்ததும் அதே ஆண்டில்தான்.

மெரீனாவில் மணல் இலவசம், அலை இலவசம். ஆயின் அந்நீரின் இழுவை கொடியது. கணுக்கால் அளவுக்கு மேல் எவரும் இறங்க வேண்டாம். குழந்தையின் கையை ஒரு கணமும் விட வேண்டாம். இருட்டும் முன் புறப்பட்டு மாலை வண்டியைப் பிடியுங்கள்.

இரண்டாம் நாள்: வேலூர்

ஞாயிறு காலை டோல்கேட் உழவர் சந்தைக்குச் சென்று வரலாம். இடைத்தரகர் இன்றி விளைவித்தவரே விற்கும் இத்திட்டம் 1999-இல் தமிழகத்தில் தொடங்கியது. விலைப் பலகையைக் குழந்தைகள் உரக்கப் படிக்கட்டும்.

பிறகு கோட்டை. உள்ளே செல்லக் கட்டணம் இல்லை. பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்த இக்கோட்டைக்குள் கோயில், மசூதி, தேவாலயம் மூன்றும் இருக்கின்றன. சலகண்டேசுவரர் கோயிலின் கலியாண மண்டபத் தூண்களில் யாளிகளையும் குதிரைகளையும் எண்ணச் சொன்னால், குழந்தைகளுக்கு அரை மணி நேரம் போவதே தெரியாது. நெடுங்காலம் வழிபாடின்றிக் கிடந்த இக்கோயிலில் 1981-இல் மீண்டும் வழிபாடு தொடங்கியது.

1806 ஜூலை 10 அன்று இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தது இங்கேதான். சமயச் சின்னங்களைத் தடுத்த ஆணையும், தோல் பட்டையுடன் கூடிய புதுவகைத் தலைப்பாகையும் அக்கிளர்ச்சிக்கு உடனடிக் காரணங்கள். தோல் தொழில் சூழ்ந்த நம் பகுதிக் குழந்தைகளுக்கு, ஒரு சிறு தோல் துண்டு வரலாற்றில் பெற்ற இடம் வியப்பளிக்கும்.

சில எச்சரிக்கைகள்

கைப்பேசி எண்ணைத் துணித்துண்டில் எழுதிக் குழந்தையின் சட்டை உட்புறத்தில் தைத்து விடுக. ரயில் நிலையத்தில் பிரிய நேர்ந்தால் கூடுமிடம் எது என்பதை இறங்கியவுடன் காட்டுக. குழந்தைகள் உதவிக்கு 1098, ரயில் உதவிக்கு 139 ஆகிய எண்களை இருவரும் குறித்துக் கொள்க. வானிலை அறிக்கையில் கனமழை என்றால் பயணத்தை ஒத்திவையுங்கள். சேமித்த பணம் எங்கும் போய்விடாது.

சங்கங்களின் நிர்வாகக் குழுவினர்க்கும் ஒரு வேண்டுகோள். நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து சென்றால், குழந்தைகளைக் காப்பதும் உணவு சமைப்பதும் எளிதாகும். இதற்கென அங்கத்தினர் மாதந்தோறும் சிறு தொகை சேமிக்க ஊக்கம் அளியுங்கள். பிள்ளைகளுக்குக் கடலைக் காட்டுவதற்கு எந்த அங்கத்தினரும் தம் தறியை அடகு வைக்கும் நிலை வரலாகாது. அதற்காகவன்றோ நாம் சங்கம் அமைத்தோம்!