நஞ்சைப் பிடிக்கும் நுண்துளைகள்

வயலில் தெளிக்கும் களைக்கொல்லி முழுவதும் களையோடு நின்றுவிடுவதில்லை. மழையில் கழுவப்பட்டு வாய்க்காலுக்கும், மண்ணில் இறங்கி நிலத்தடி நீருக்கும் போகிறது. கரைந்துவிட்ட மூலக்கூறை மணல் வடிகட்டி நிறுத்தாது. ஐரோப்பிய ஒன்றியம் குடிநீரில் ஒரு களைக்கொல்லிக்கோ பூச்சிக்கொல்லிக்கோ விதித்துள்ள வரம்பு, லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம். இவ்வளவு சிறிய அளவைப் பிடிக்க உருவாகிவரும் பொருள்களில் ஒன்று நுண்துளை சிலிக்கா.

மணலில் இருப்பதும் சிலிக்காதான். அதில் ஒழுங்கான நுண்துளைகளை அமைக்கும் வழியை மொபில் நிறுவன ஆய்வாளர்கள் 1992இல் வெளியிட்டார்கள். சோப்பைப் போன்ற மூலக்கூறுகள் நீரில் கூடி நுண்ணிய உருளைகளாகின்றன. அவற்றைச் சுற்றி சிலிக்கா படிகிறது. பிறகு சுமார் 550 டிகிரி செல்சியஸில் சுட்டால் உள்ளிருந்த உருளைகள் எரிந்துபோய், சில நானோமீட்டர் அகலத் துளைகள் மிஞ்சும். இப்படிப் பிறந்த எம்சிஎம்-41 பொருளில் ஒரு கிராமின் உட்பரப்பு ஏறத்தாழ 1000 சதுர மீட்டர். அதாவது 25 சென்ட் நிலம். 1998இல் சான்டா பார்பராவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் உருவான எஸ்பிஏ-15க்குத் துளை பெரிது, சுவர் தடிமன். நீரில் கூடுதலாகத் தாங்கும்.

ஆனால் பரப்பு மட்டும் போதாது. சாதாரண நீரில் சிலிக்காவின் சுவர் எதிர்மின்னேற்றம் கொண்டது. நேர்மின்னேற்றமுள்ள பாராகுவாட் என்ற களைக்கொல்லி அதில் தானாக ஒட்டும். 2,4-டி களைக்கொல்லியோ நீரில் எதிர்மின்னேற்றம் பெறுவதால் விலகிப்போகும். எனவே சுவரில் அமீன் தொகுதிகளைப் பிணைக்கிறார்கள். அவை நீரில் நேர்மின்னேற்றம் பெற்று 2,4-டியை இழுக்கின்றன. மின்னேற்றம் இல்லாத அட்ரசின் என்ற களைக்கொல்லிக்கு நீரோடு ஒட்டாத பினைல் தொகுதிகள் உதவும். எந்த நஞ்சு என்று தெரிந்துகொண்டு அதற்கேற்பச் சுவரை மாற்றலாம் என்பதே இந்தப் பொருளின் பெரும் பலம்.

தடைகளும் உண்டு. ஆற்று நீரில் கரைந்திருக்கும் மட்கிய தாவரப் பொருள்கள் அதே இடங்களுக்குப் போட்டியிடும். தயாரிப்புச் செலவும் அதிகம். அதனால் நீர் நிலையங்களில் இன்றும் கிளர்வூட்டிய கரியே பெரிதும் பயன்படுகிறது. செலவைக் குறைக்க, சிலிக்கா நிறைந்த உமிச் சாம்பலிலிருந்தே இப்பொருளைச் செய்யும் ஆய்வுகள் நடக்கின்றன. அரிசி ஆலைகள் நிறைந்த நமக்கு இது கவனிக்க வேண்டிய வழி.

சிலிக்கா நஞ்சை அழிப்பதில்லை, பிடித்து வைக்கிறது; அவ்வளவே. அட்ரசினை எத்தனால் கொண்டு கழுவி எடுத்துவிட்டுச் சிலிக்காவை மீண்டும் பயன்படுத்தலாம். ஆனால் கழுவிய திரவத்தில் நஞ்சு அப்படியே இருக்கும். அதைச் சிதைக்கும் ஏற்பாட்டையும் சேர்த்தே வடிகட்டியைத் திட்டமிட வேண்டும். தெளிக்கும் அளவை வயலிலேயே குறைத்தால் இந்த வேலை அனைத்தும் எளிதாகும்.